களைக்கொல்லியின் மிச்சம்

களைக்கொல்லி வாங்கி வருகிறோம். கலக்குகிறோம், அடிக்கிறோம், களை காய்கிறது. அத்தோடு வேலை முடிந்தது என்று கணக்கு. ஆனால் அதற்குப் பிறகும் மருந்து நான்கைந்து இடங்களில் நம்மிடம் தங்கியிருக்கிறது. பாட்டிலில் பாதி, டேங்கின் அடியில் கொஞ்சம், சட்டையின் முதுகில் ஈரம், காலி என்று தூக்கிப்போட்ட பாட்டிலின் உட்சுவரில் ஒரு பூச்சு. வயலில் அடித்தது வயலோடு போகிறது. வீட்டுக்கு வருவது மிச்சம். பிள்ளை கையில் சிக்குவதும், மாட்டுக் கொட்டகைத் தாழ்வாரத்தில் வருடக்கணக்காகக் கிடப்பதும், கிணற்றடியில் கழுவி ஊற்றப்படுவதும் அதுதான். அதனால் இந்தக் கட்டுரையில் களையை எப்படிக் கொல்வது என்று அதிகம் பேசப்போவதில்லை. மிச்சத்தைப் பற்றித்தான் பேச்சு.

முதலில், எல்லாக் களைக்கொல்லியும் ஒரே சரக்கு என்ற நினைப்பை விடவேண்டும். நம் உரக்கடைகளில் அதிகம் பெயர் அடிபடும் மூன்றை மட்டும் பார்ப்போம்.

கிளைபோசேட். 1970களில் ரவுண்டப் என்ற பெயரில் மான்சாண்டோ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம்மூரில் 41 சதவீதக் கரைசலாகப் பல கம்பெனிப் பெயர்களில் விற்கிறது. இலையில் பட்டால் உறிஞ்சப்பட்டு வேர் வரை, கோரைக் கிழங்கு வரை இறங்கும். செடிக்குள் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஒரு நொதியை அது முடக்கிவிடுகிறது. செடி மெல்லப் பட்டினி கிடந்து சாகிறது. அந்த நொதி மனித உடம்பில் கிடையாது. இதைக் காட்டித்தான் 'ஆளுக்கு ஒன்றும் செய்யாது' என்று கடையில் சொல்வார்கள். பாட்டிலில் இருப்பது வெறும் கிளைபோசேட் மட்டும் இல்லை. இலையில் ஒட்டவைக்கச் சோப்பு போன்ற ஒரு பொருளும் சேர்ந்திருக்கிறது. கண்ணில் பட்டால் புண்ணாக்குவதிலும், வயிற்றுக்குள் போனால் குடலை அரிப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. அந்த வழக்கை இங்கே தீர்க்க முடியாது. உடம்பில் குறைவாகப் பட்டால் நல்லது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நம் நாட்டில் 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மூலம் மட்டுமே இதைப் பயன்படுத்தவேண்டும் என்கிறது. கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தாலும் அறிவிக்கை அப்படித்தான் சொல்கிறது.

இரண்டாவது, பாராகுவாட். 1962 முதல் சந்தையில் இருக்கிறது. இங்கே 24 சதவீதக் கரைசல். பட்ட இடத்தைப் பொசுக்கும், ஒரே நாளில் புல் கருகிவிடும். இதன் சங்கதியே வேறு. தவறிப்போய் ஒரு மடக்கு உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து, அதற்கு முறிமருந்து கிடையாது. உடம்புக்குள் போனதும் நுரையீரலைத் தேடிப்போய்ச் சேர்ந்து அதைக் கெட்டிப்படுத்திவிடும். ஆரம்பத்தில் இது கருப்பட்டி நிறத்தில் இருந்தது. குளிர்பானம் என்று எண்ணிக் குடித்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகுதான் நீலப்பச்சைச் சாயமும், துர்நாற்றமும், வாந்தி வரவைக்கும் பொருளும் சேர்த்தார்கள். கேரளம் 2011இல் தடை செய்தது. இலங்கை 2008இல் தொடங்கிப் படிப்படியாக 2011க்குள் நிறுத்தியது. தமிழ்நாட்டில் இன்னும் விற்கிறது.

மூன்றாவது 2,4-டி. நெல், கரும்பு, சோளம் போன்ற புல்வகைப் பயிரை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும். காற்றில் நகர்ந்துபோய்ப் பக்கத்து வயலைக் கெடுப்பதில் பேர்போனது. பருத்தி, தக்காளி, திராட்சை ஆகிய மூன்றுக்கும் இது ஆகவே ஆகாது.

பாட்டிலில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. மண்டையோட்டுப் படம் சிவப்புக்கு மட்டும்தான். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த நிறம், சோதனை எலிகள் எவ்வளவு மருந்துக்குச் சாகின்றன என்ற கணக்கை முக்கியமாக வைத்து முடிவாகிறது. சாப்பிட்டுவிட்டால் காப்பாற்ற வழி உண்டா என்பதை அது சொல்லாது. பாராகுவாட் பாட்டிலில் இருப்பது மஞ்சள். மண்டையோடு இல்லை. 'சிவப்பு இல்லையே, பரவாயில்லை' என்று நினைப்பவருக்கு இதைவிட மோசமான சமாதானம் இருக்க முடியாது. நிறத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல், பாட்டிலோடு வரும் துண்டறிக்கையை விரித்து, 'முறிமருந்து' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவேண்டும். எறும்பு ஊர்வது போன்ற எழுத்துதான். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படிக்கலாம். அந்தப் படம் பின்னால் ஒரு சமயம் வேறு வேலைக்கும் உதவும்.

இனி வாங்குவது. மிச்சம் உருவாவது கடையிலேயேதான். முப்பது சென்ட் இடத்துக்கு ஒரு லிட்டர் பாட்டில் வாங்கினால் பாதிக்கு மேல் வீட்டுக்குத் திரும்பி வரும். பெரிய பாட்டில் வாங்கினால் மலிவு என்று கடைக்காரர் சொல்வார். அந்த மலிவின் மீதி விலையை வீட்டில் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

எவ்வளவு தேவை என்று அறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. மருந்து இல்லாமல் வெறும் தண்ணீரை டேங்கில் அளந்து ஊற்றிக்கொள்ளுங்கள். 33 அடி நீளம், 13 அடி அகலம் அளந்தால் கிட்டத்தட்ட ஒரு சென்ட். வழக்கமாக அடிக்கும் அதே நடை, அதே நாசில், அதே கைவீச்சில் அந்த இடத்தை அடித்துப் பாருங்கள். 2 லிட்டர் குறைந்தால் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று அர்த்தம். லேபிளில் ஏக்கருக்கு 1 லிட்டர் மருந்து என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி., 16 லிட்டர் டேங்குக்கு 80 மி.லி. முப்பது சென்ட்டுக்கு 60 லிட்டர் தண்ணீர், 300 மி.லி. மருந்து. அதாவது மூன்று முழு டேங்க், நான்காவதில் 12 லிட்டர் மட்டும். ஒரு 250 மி.லி. பாட்டிலும் ஒரு 100 மி.லி. பாட்டிலும் வாங்கினால் போதும். மிச்சம் 50 மி.லி.

இந்தக் கணக்கைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. 'டேங்குக்கு ரெண்டு மூடி' என்பதுதான் நடைமுறை. மூடி ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொரு அளவு. அடிக்கிற ஆளுக்கு டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசும் ஊர்களில் டேங்க் எண்ணிக்கை குறையவும் வழியில்லை. சென்ட் கணக்கில் கூலி பேசினால் இரு தரப்புக்கும் நல்லது என்பது என் எண்ணம்.

கலக்கும் நேரம்தான் இந்த வேலையிலேயே ஆபத்தான நேரம். மேலே போட்ட கணக்கின்படி, பாட்டிலில் இருப்பது டேங்கில் இருப்பதைவிட 200 மடங்கு அடர்த்தி. கலக்கும்போது கண்ணில் தெறிக்கும் ஒரு சொட்டு, அடிக்கும்போது படும் 200 சொட்டுக்குச் சமம். அடிக்கும்போது கையுறை போட்டுக்கொண்டு, கலக்கும்போது 'ரெண்டு நிமிஷ வேலைதானே' என்று வெறுங்கையால் ஊற்றுபவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். வசதி இல்லையென்றால் கலக்கும்போதாவது போட்டுக்கொள்ளுங்கள். கையுறை நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். துணிக் கையுறை மருந்தைக் குடித்துக்கொண்டு தோலோடு அணைத்து வைத்திருக்கும். அதைவிட வெறுங்கை மேல். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். வெல்டிங் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளைக் கண்ணாடி கொஞ்சம் உதவும், பக்கவாட்டிலும் மூடியது நல்லது.

டேங்கில் பாதி தண்ணீர் ஊற்றிய பிறகு மருந்து, அதன் பிறகு மீதித் தண்ணீர். மருந்தை முதலில் ஊற்றி மேலே குழாயைத் திறந்துவிட்டால் நுரை பொங்கி வழியும். குச்சியால் கலக்குங்கள். அந்தக் குச்சியும் அளக்கும் மூடியும் இந்த வேலைக்கு மட்டும். குழாயைத் தண்ணீருக்குள் முழுகவிட்டு நிரப்பக்கூடாது; மோட்டார் நின்றால் டேங்கில் இருப்பது கிணற்றுக்குள் திரும்ப இழுக்கப்படும். கிளைபோசேட், பாராகுவாட் இரண்டுக்கும் கலங்கல் தண்ணீர் ஆகாது. களிமண் துகள் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கிளைபோசேட்டுக்கு உப்புத்தண்ணீரிலும் வேகம் குறையும். வாய்க்கால் தண்ணீரை மொண்டு கலக்கிவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்று மறுபடி அடிக்கிற கதை இதில்தான் தொடங்குகிறது.

கிளைபோசேட் கரைசலைக் கால்வனைஸ் செய்த இரும்பு வாளியிலோ டிரம்மிலோ வைக்கக்கூடாது. இரும்போடும் துத்தநாகப் பூச்சோடும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு வரும். மூடிய டிரம் என்றால் வாயு சேர்ந்து நிற்கும். பக்கத்தில் ஒரு பீடி போதும். பிளாஸ்டிக் போதுமானது.

அடிக்கும்போது கவனிக்கவேண்டியதை முகத்தில் தொடங்குகிறார்கள் எல்லோரும். முகத்தைச் சுற்றித் துண்டு கட்டுவார்கள். அந்தத் துண்டில் சாரல் படும், அதே துண்டால் வியர்வையைத் துடைப்பார்கள். மருந்தை நாமே முகத்தில் பூசிக்கொள்வதுதான் நடக்கிறது. களைக்கொல்லி விஷயத்தில் முகத்தைவிட முதுகையும் காலையும் பாருங்கள். டேங்க் மூடியின் வாசர் தேய்ந்திருந்தால் குனியும்போதெல்லாம் முதுகில் வடியும். வியர்வையில் ஊறிய முதுகு, அதன்மேல் மருந்து ஊறிய சட்டை, அதன்மேல் டேங்கின் பாரம்: மருந்து உடம்புக்குள் இறங்க இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. கலக்குவதற்கு முன் வெறும் தண்ணீர் ஊற்றி, டேங்கைச் சாய்த்துப் பார்த்தால் ஒழுகல் தெரிந்துவிடும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வாசர். முதுகில் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொள்வதும் உதவும்.

களைக்கொல்லியை முழங்காலுக்குக் கீழேதான் அடிக்கிறோம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடித்த புல்லுக்குள்ளேயே நடந்து போனால் கால் நனையாமல் என்ன செய்யும்? ரப்பர் பூட்ஸ், அதன் வாய்க்கு வெளியே விழும்படி பேண்ட். பூட்ஸுக்குள் பேண்ட்டைச் செருகினால் வழிவதெல்லாம் உள்ளே போய் நிற்கும். நனைந்த இடத்தில் மறுபடி கால் வைக்காதபடி பின்னோக்கி நகர்ந்தோ, பக்கவாட்டில் நகர்ந்தோ அடிக்கலாம். பாராகுவாட் என்றால் இன்னும் கவனம். வெட்டுக்காயம், சிரங்கு உள்ள தோலில் வெகுநேரம் பட்டுக்கொண்டிருந்தால் அதுவே உயிரைப் பறித்திருக்கிறது. நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைப் பையில் வையுங்கள். வெற்றிலை, புகையிலை, பீடி எல்லாம் கை கழுவிய பிறகு.

காற்று அடிக்கும்போது வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2,4-டி அடிப்பவர்கள் பக்கத்து வயலில் பருத்தி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைத் திறக்கவேண்டும். சாரல் பட்ட பருத்தியின் இலை ஒடுங்கி, நரம்பு நரம்பாகி, வேறு ஏதோ செடி மாதிரி ஆகிவிடும். வரப்புத் தகராறில் முடிந்த நட்பு பல.

கிளைபோசேட்டில் இன்னொரு சிக்கல். பாராகுவாட் அடித்த இடம் மறுநாளே கருகிக் காட்டிக்கொடுத்துவிடும். கிளைபோசேட் அடித்த புல் பல நாட்களுக்குப் பச்சையாகவே நிற்கும். மஞ்சளாகத் தொடங்க ஒரு வாரம்கூட ஆகலாம். புல்லறுக்க வருகிறவர்களுக்கும் ஆடு ஓட்டி வருகிறவர்களுக்கும் அதில் மருந்து இருப்பது எப்படித் தெரியும்? ஒரு சிவப்புத் துணியை வரப்பில் கட்டி, அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இது நம் வழக்கத்தில் இல்லை, இருக்கவேண்டும்.

அடித்து முடித்தாயிற்று. இப்போது டேங்கில் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ இருக்கும். அதை வாய்க்கால் ஓரம் கவிழ்ப்பதுதான் பழக்கம். வாய்க்கால் தண்ணீர் யார் வயலுக்கு, எந்தக் குளத்துக்குப் போகிறது என்று யோசித்தால் கை வராது. மேலே சொன்னபடி அளந்து கலந்திருந்தால் மிஞ்சுவது சொற்பம். அதில் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, அதே வயலில் அடிபடாமல் விட்ட களையின்மேல் அடித்துவிடலாம். டேங்கைக் கழுவும் தண்ணீரையும் அப்படியே. கிணற்றடியிலும் கைப்பம்புக்குப் பக்கத்திலும் கழுவவே கூடாது.

எப்படிக் கழுவினாலும் களைக்கொல்லி டேங்கில் ஏதோ ஒரு மூலையில் ஒட்டியிருக்கும். குறிப்பாக 2,4-டி ரப்பர்க் குழாயிலும் வாசரிலும் ஊறிக்கிடக்கும். அடுத்த வாரம் அதே டேங்கில் தக்காளிக்குப் பூச்சிமருந்து கலந்தால் தக்காளி போச்சு. இதற்குப் பல கழுவல் முறைகள் சொல்வார்கள். என்னைக் கேட்டால், களைக்கொல்லிக்கென்று தனி டேங்க் வைத்து அதன்மேல் சிவப்பு பெயின்ட் அடித்துவிடுவதே தொல்லை இல்லாத வழி. முடியாதவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

சட்டையும் ஒரு மிச்சம்தான். அதைத் துவைப்பவர் பெரும்பாலும் மருந்து அடித்தவர் இல்லை. வீட்டுப் பெண்கள் வெறுங்கையால், பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊறவைத்துத் துவைக்கிறார்கள். அடித்தவரே கழற்றி, அன்றைக்கே, தனி வாளியில், சோப்புப் போட்டு இரண்டு முறை அலசி வெயிலில் காயப்போடட்டும். பாட்டில் மருந்து நேராகக் கொட்டிய துணி என்றால் துவைக்கவே வேண்டாம், அது கழிவு.

காலி பாட்டிலுக்கு வருவோம். இதில்தான் நம் பழக்கவழக்கம் படுமோசம். காயலான் கடையில் போடுகிறோம், கழிப்பறைக்கு மொண்டு ஊற்ற வைக்கிறோம், அடியை வெட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம், மண்ணெண்ணெய் வாங்கி வருகிறோம். வரப்பிலேயே வீசுபவர்கள்தான் அதிகம். அடுத்த மழைக்கு அது வாய்க்காலில் மிதக்கிறது.

மூன்று முறை அலசவேண்டும் என்று லேபிளில் இருக்கும். ஏன் மூன்று? ஒரு லிட்டர் பாட்டிலை நன்றாகக் கவிழ்த்துவிட்ட பிறகும் 10 மி.லி. ஒட்டியிருப்பதாக வையுங்கள். கால் பாட்டில், அதாவது 250 மி.லி. தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, டேங்கிலேயே ஊற்றுங்கள். மறுபடி 10 மி.லி. ஒட்டியிருக்கும், ஆனால் அதில் மருந்து வெறும் 0.4 மி.லி.தான். இரண்டாவது அலசலில் 0.015 மி.லி. மூன்றாவதில் 0.0006. மூன்று தடவைக்கான தண்ணீரையும் ஒரே தடவையாக 750 மி.லி. ஊற்றி அலசினால் இந்தப் பலன் வராது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 0.13 மி.லி. நின்றுவிடும், 200 மடங்குக்கு மேல் அதிகம். இதில் பண லாபமும் இருக்கிறது. நம் கணக்கில் ஒரு சென்ட்டுக்கு 10 மி.லி. மருந்து, அலசாமல் வீசுகிற ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு சென்ட்டுக்கான மருந்தை வீசுகிறோம். பாட்டில் காலியான அந்த நிமிடமே, டேங்கை நிரப்பும்போதே அலசவேண்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் உட்சுவரில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை முறை குலுக்கினாலும் வராது.

அலசியதும் அடியில் ஆணியால் மூன்று நான்கு ஓட்டை. இனி அது எதற்கும் ஆகாது. யாரும் எடுத்துப்போய் எண்ணெய் ஊற்றி வைக்க முடியாது. லேபிளைக் கிழிக்காதீர்கள்.

பிறகு எங்கே போடுவது? நேர்மையாகச் சொன்னால் இங்கேதான் பதில் தடுமாறுகிறது. நம் பூச்சிமருந்து விதிகள் 1971ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. காலிப் பொதிகளை உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கவேண்டும், மறுபடி பயன்படும்படி வெளியே விட்டுவைக்கக் கூடாது, கழுவிய தண்ணீர் நீர்நிலையைக் கெடுக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. அன்றைக்கு அது சரி. இன்றைக்குப் பிளாஸ்டிக்கைப் புதைப்பது இன்னொரு தொல்லையைப் பேரனுக்கு விட்டுப்போவதுதான். பிரேசிலில் 2000ஆம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள்: விவசாயி அலசித் திருப்பிக் கொடுக்கவேண்டும், கடைக்காரர் வாங்கிவைக்க இடம் காட்டவேண்டும், கம்பெனிகள் அவற்றை எடுத்துப்போகவேண்டும். இதற்கென்றே கம்பெனிகள் சேர்ந்து ஓர் அமைப்பு வைத்து நடத்துகின்றன. அங்கே விற்கும் பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பி வருகிறது. இங்கே மருந்து விற்க ஒவ்வொரு ஊரிலும் கடை இருக்கிறது. பாட்டிலைத் திரும்ப வாங்க ஆள் இல்லை.

அதுவரை நம்மால் ஆனது: அலசி ஓட்டையிட்ட பாட்டில்களை ஒரு சாக்கில் சேர்த்துக் கட்டி, மழை படாத, பிள்ளைகள் போகாத இடத்தில் வைப்பது, கடைக்காரரிடமும் வேளாண்மை உதவி அலுவலரிடமும் திரும்ப எடுக்கும் ஏற்பாடு உண்டா என்று கேட்பது. வேறு வழியே இல்லையென்றால் கிணறு, குளம், வாய்க்காலுக்குத் தொலைவில், மேட்டு நிலத்தில், ஆழமாகக் குழி. எரிப்பது மட்டும் வேண்டாம். அந்தப் புகை அடுப்புப் புகை இல்லை.

காலாவதியான பழைய மருந்து இன்னும் சிக்கல். ஆலைகளின் நச்சுக்கழிவைக் கையாளக் கும்மிடிப்பூண்டியில் நிலையம் இருக்கிறது. ஒரு விவசாயி அரைப் பாட்டிலோடு அங்கே போய் நிற்க முடியாது. ஊரில் ஐம்பது வீட்டுத் தாழ்வாரத்தில் கிடப்பதை ஒரு நாள் ஊராட்சி மூலம் திரட்டி அனுப்புவது செய்யமுடியாத காரியமில்லை. அது நடக்கும் வரை, பழைய பாட்டிலைத் தரையிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், கசிந்தால் தாங்கும்படி ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நிற்கவைத்துப் பூட்டி வையுங்கள்.

வைத்திருப்பது பற்றிச் சில. வாங்கிய பாட்டிலிலேயே இருக்கட்டும். பாதியை வேறு பாட்டிலில் ஊற்றிப் பக்கத்து வயல்காரருக்குக் கொடுப்பது நம் ஊர்களில் சர்வசாதாரணம். குளிர்பான பாட்டிலும் குவார்ட்டர் பாட்டிலும்தான் கைக்கு முதலில் கிடைக்கும். அந்த உபகாரம் எத்தனையோ வீடுகளில் இழவாக முடிந்திருக்கிறது. கேட்டால், 'உன் டேங்கைக் கொண்டுவா, நானே அளந்து ஊற்றுகிறேன்' என்று சொல்லலாம். விதை, உரம், தவிடு, புண்ணாக்கு இருக்கும் அறையில் வேண்டாம். 2,4-டியின் ஆவியே விதை முளைப்பைக் கெடுக்கக்கூடும். அலமாரி என்றால் திரவ மருந்து கீழ்த்தட்டில், தூள் மேல்தட்டில். கசிந்தால் தூளை நனைக்காது. பக்கத்தில் ஒரு சட்டி காய்ந்த களிமண்தூள் வையுங்கள். கொட்டிவிட்டால் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளாமல், மண்ணைத் தூவி, ஊறவிட்டு, கூட்டி அள்ளிப் பையில் கட்டுங்கள்.

பூட்டு போடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். பிள்ளைகளிடமிருந்து அது காக்கும். ஆனால் பூட்டை ரொம்ப நம்பவேண்டாம். இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். மனமுடைந்த நேரத்தில் மருந்தை எடுப்பவர்களின் எண்ணிக்கை பெட்டி கொடுத்த ஊர்களில் குறையவில்லை என்று 2017இல் முடிவு வெளியானது. சாவி யாரிடம் இருக்கும் என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியுமே. கொடிய மருந்துகளைச் சந்தையிலிருந்தே எடுத்ததுதான் இலங்கையில் உயிர்களைக் காப்பாற்றியது. வீட்டளவில் அதற்கு ஈடானது ஒன்றே: மருந்தை வீட்டில் வைக்காமலிருப்பது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு வாங்குவது, முடிந்தால் பாராகுவாட்டை வாங்காமலேயே இருப்பது. வீட்டில் யாராவது மனம் நொந்திருக்கும் நாட்களில் இருக்கிற மருந்தையும் வெளியே அனுப்பிவிடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் 104 எண்ணில் ஆள் இருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது நடந்துவிட்டால்: கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஓடவிடுங்கள், பிறகு மருத்துவமனை. உடம்பில் கொட்டினால் முதலில் துணியைக் கழற்றுங்கள், அப்புறம் சோப்பும் தண்ணீரும். வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். சாணிக் கரைசல், உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். போன வழியே திரும்பும் மருந்து தொண்டையை மறுபடி புண்ணாக்கும், மூச்சுக்குழலுக்குள்ளும் போகும். 108ஐக் கூப்பிடுங்கள்.

பாராகுவாட் என்றால் ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். வாயெரிச்சலைத் தவிர ஒன்றும் தெரியாது. 'நன்றாகத்தானே இருக்கிறார், காலையில் பார்க்கலாம்' என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீரகமும் நுரையீரலும் கெடுவது அடுத்தடுத்த நாட்களில்தான் வெளியே தெரியும். ஏதாவது செய்ய முடிந்தால் அது முதல் சில மணி நேரத்தில். மூச்சுத்திணறலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆக்சிஜனே இதில் நுரையீரல் சேதத்தைக் கூட்டும் என்பதால், என்ன மருந்து என்று தெரியாத மருத்துவர் நல்லெண்ணத்தில் கெடுதல் செய்துவிட வாய்ப்புண்டு. 'களைக்கொல்லி' என்று மட்டும் சொன்னால் அவருக்குப் போதாது. பாட்டிலையே, லேபிளோடு, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பாட்டில் கிடைக்கவில்லையென்றால், வாங்கிய அன்றைக்குத் துண்டறிக்கையைப் படிக்கப் பிடித்த அந்தப் படத்தைக் காட்டுங்கள். தில்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவரும் கூப்பிடலாம், நீங்களும் கூப்பிடலாம். இரவிலும் எடுப்பார்கள்.